எழுதியதைப் பிறருக்குக் காட்டுதல்

மருத்துவம் கற்க விழையும் இளைஞர் எவரிடமும் "நீ ஏன் மருத்துவராக வேண்டும்?" என்று வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "மக்களுக்குத் தொண்டு புரிய விரும்புகிறேன்" என்பார். விடை தவறன்று. ஆயினும் ஆசிரியரும் தொண்டு புரிகிறார். உழவரும் தொண்டு புரிகிறார். அப்படியானால் மருத்துவமே ஏன் என்னும் அடுத்த வினாவுக்கு விடை கூறுவதுதான் அரிது. அவ்விடையை மாணவர் தம் கையால் எழுதித் தருவதையே ஆங்கிலத்தில் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்கின்றனர். நாம் அதனைத் தன்விளக்கக் கட்டுரை எனலாம். அதை எழுதியபின் யாரிடம் காட்டுவது, அவர் கூறும் திருத்தங்களில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர இத்தகைய கட்டுரை கேட்கப்படுவதில்லை. நீட் தேர்வின் மதிப்பெண்ணே வாயிலைத் திறக்கிறது. குப்பத்திலுள்ள பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரிக்கும் இதுவே விதி. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலம் நுழைவுத் தேர்வோடு நேர்முகத் தேர்வும் நடத்தி மாணவரைத் தெரிந்தெடுத்து வந்தது. அனைவருக்கும் நீட் தேர்வே பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, கட்டுரை எழுதும் தேவை வெளிநாடு செல்ல விழைவோருக்கே நேர்கிறது. படித்து முடித்துத் தாய்நாட்டில் தொழில் புரிய எண்ணுவோர் நீட் தேர்விலும் தகுதி பெற்றிருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

பிரிட்டனில் யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியாக விண்ணப்பம் செல்கிறது. மருத்துவத்திற்குரிய இறுதி நாள், படிப்புத் தொடங்குவதற்கு முந்திய ஆண்டின் அக்டோபர் 15. கட்டுரையின் நீளம் இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துகள். சொற்கணக்கில் ஏறத்தாழ 600. முன்னர் அதனை ஒரே தொடராக எழுதினர். 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டது. இப்படிப்பை ஏன் விரும்புகிறாய்? உன் கல்வி உன்னை இதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது? கல்விக்கூடத்திற்கு வெளியே நீ செய்தவை யாவை, அவை எவ்வகையில் பயன்படும்? ஒவ்வொரு விடையும் 350 எழுத்துகளுக்குக் குறையலாகாது. அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் 5,300 எழுத்துகள் வரை இடமுண்டு. சில கல்லூரிகள் இக்கட்டுரைக்கு மிகுந்த மதிப்புத் தருவதில்லை. மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் முதன்மையாகக் கொள்கின்றன. எனினும் நேர்முகத் தேர்வில் கட்டுரையிலிருந்து வினா எழக்கூடும். ஆகவே எழுதியது உண்மையாயிருத்தல் இன்றியமையாதது.

பிறர் சொற்களைக் கடன் வாங்குவதால் விளையும் கேட்டினை ஒரு நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது. 2007-இல் யூகாஸ் அமைப்பினர் ஏறத்தாழ 50,000 விண்ணப்பங்களைக் கணிப்பொறியால் ஒப்பிட்டு நோக்கினர். எட்டு வயதில் இரவு உடையில் தீப்பட்டு ஓட்டை விழுந்த கதையை 234 பேர் எழுதியிருந்தனர்! மனித உடல் இயங்கும் விதம் தம்மைக் கவர்ந்ததாக ஏறக்குறைய ஒரே வகையாகத் தொடங்கும் வாக்கியங்கள் 370 இருந்தன. இத்தனை பேர் வீட்டிலும் ஒரே விபத்து நேர்ந்திருக்க இயலாது. யாரோ எழுதிய மாதிரி கைமாறிக் கைமாறிச் சென்றதன் விளைவே இது. இத்தகைய ஒப்புமை கண்டறியப்பட்டால் கல்லூரிகளுக்கே செய்தி போகிறது. கணிப்பொறியின் செயற்கை அறிவு எழுதித் தந்ததைத் தமதென்று அனுப்புவதும் ஏமாற்றாகக் கருதப்படலாம் என்று அவ்வமைப்பு அறிவித்துள்ளது.

இனி, குப்பத்து மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். மூன்று மாநிலங்கள் கூடுமிடம் அது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சந்தைக்கு வருவோரிடம் கன்னடம் என்று வழங்கும் ஊர். அவளுடைய பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நீரிழிவு நோயும் உண்டு. மருத்துவர் தெலுங்கில் பேசுவார். பேத்தி நடுவில் நின்று இருவர் சொல்லையும் மாற்றிச் சொல்வாள். ஒரு நாள் மருத்துவர், "மாத்திரையைப் போட்டதும் உணவு கொள்ள வேண்டும்" என்கிறார். அவள் முற்பகுதியை மட்டும் சொல்லிப் பிற்பகுதியை விட்டுவிடுகிறாள். மறுநாள் கிருத்திகை, பாட்டி விரதம். மாத்திரையை விழுங்கிவிட்டு உண்ணாதிருக்கிறார். சிறிது நேரத்தில் உடல் வியர்த்து, கை நடுங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. அண்டை வீட்டம்மாள் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்ட, பாட்டி தெளிகிறார். இதனை அம்மாணவி தன் கட்டுரையில் எழுதுகிறாள்.

அதைப் படித்த உறவினர் ஒருவர், "இதை எழுதாதே அம்மா, உன்னைக் கவனமற்றவள் என்று எண்ணுவர்" என்று அப்பகுதியை அடித்துவிடுகிறார். அவ்விடத்தில், சிறுவயது முதலே மனித உடலின் அமைப்புத் தன்னைக் கவர்ந்ததாக ஓர் அழகிய ஆங்கில வாக்கியத்தை எழுதித் தருகிறார். அவர் எண்ணம் நல்லதே. ஆனால் விளைவு யாது? 370 பேரோடு அவள் 371-ஆவது ஆள் ஆகிறாள். அவளுக்கே உரியது போயிற்று.

வேறொரு வாசகர், அவளுடைய ஆசிரியர் எனக் கொள்வோம், அதே பகுதியைப் படித்துவிட்டு எதையும் அடிக்கவில்லை. "அதன் பின்பு நீ என்ன செய்தாய்?" என்று மட்டும் கேட்கிறார். அவள் எண்ணிப் பார்க்கிறாள். அன்று முதல் மருத்துவர் கூறுவதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அவரிடமே திரும்பப் படித்துக் காட்டிய பின்னரே பாட்டியிடம் சொல்லி வந்தது நினைவுக்கு வருகிறது. அதனை அவள் எழுதாமலே விட்டிருந்தாள்! தவறு, அதனால் கற்றது, கற்றபின் செய்தது ஆகிய மூன்றும் சேர்ந்தபோது கட்டுரை நிறைவு பெறுகிறது. மருத்துவப் பணியில் ஒரு சொல் விடுபட்டாலும் உயிருக்கு இடர் நேரலாம் என்பதை இம்மாணவி ஏட்டில் மட்டும் கற்றவள் அல்லள் என்பதைப் படிப்போர் உணர்வர்.

இவ்விரு வாசகருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கருதல் வேண்டும். ஒருவர் விடையைக் கொடுத்தார். மற்றவர் வினாவைக் கொடுத்தார். வினாவைக் கொடுப்பவரே சிறந்த துணைவர்.

அப்படியானால் யாரிடம் காட்டுவது? மூவர் போதும். நம்மை நன்கறிந்தவர் ஒருவர். எழுதியது உண்மைதானா என்று அவர் சொல்லுவார். நம்மை அறியாதவர் ஒருவர். எங்கே விளங்கவில்லை என்று அவர் காட்டுவார். மருத்துவத் துறையைச் சேர்ந்தவர் ஒருவர். பொருட்பிழை இருந்தால் அவர் சுட்டுவார். பத்துப் பேரிடம் காட்டினால் பத்து வகைக் கருத்து வரும். கட்டுரை பத்துப் பேர் தைத்த சட்டையாகிவிடும்.

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதால் பயனில்லை, அன்புள்ளோர் அனைவரும் நன்று என்றே கூறுவர். "படித்து முடித்தபின் எது நினைவில் நிற்கிறது? எந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக் கூடும்? எங்கே நம்ப இயலவில்லை?" என்று வினவுதல் வேண்டும். நினைவில் நிற்பதாக அவர் கூறுவது நாம் சொல்ல விரும்பியதாக இல்லையெனில், மீண்டும் எழுதத்தான் வேண்டும்.

இலக்கணப் பிழை, எழுத்துப் பிழை, பொருட்பிழை ஆகியவற்றைச் சுட்டினால் தயங்காது திருத்திக் கொள்ளலாம். நிகழாததைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். நமக்குப் பொருள் தெரியாத சொல்லை யாரேனும் புகுத்தினால் அதனையும் நீக்கிவிடலாம். நேர்முகத் தேர்வில் அச்சொல்லுக்கு நாம்தாம் விடை கூற வேண்டும். மருத்துவமனையில் கண்ட நோயாளியின் பெயரையோ ஊரையோ எழுதுதல் கூடாது. பிறர் மறைபொருளைக் காப்பது மருத்துவரின் முதற் கடமைகளுள் ஒன்று; அதனை விண்ணப்பத்திலேயே மீறுவது முறையாகாது.

திருத்தங்கள் எல்லாம் முடிந்தபின் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தல் நன்று. தம் வாயில் தயக்கமின்றி வருகிறதா, அயலார் பேச்சாக ஒலிக்கிறதா என்பது அப்போது விளங்கிவிடும். குப்பத்து மாணவி பாட்டியின் அருகே அமர்ந்து, தன் கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டுவாளாயின், "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று அம்மூதாட்டி தலையசைக்க வேண்டும். அதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.