நெடும்பயணத்தில் மின்துவிச்சக்கரவண்டி

துவிச்சக்கரவண்டியிற் பல நாட் பயணஞ் செய்பவர் தம் கால்களின் வலிமையையும் வழியின் நீளத்தையும் எண்ணிப் பார்த்தாற் போதும் என்பது பழைய நிலை. மின்துவிச்சக்கரவண்டியிற் செல்பவருக்கு மூன்றாவது கணக்கொன்றும் உண்டு. அது மின்கலத்திற் சேமித்த சத்தியைப் பற்றியது. இதனைக் கிலோமீற்றரில் மட்டுமே கணிப்போர் பலர். ஏறத்தாழ 25 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை மலைச்சாரலிற் தள்ளிச் செல்ல நேர்வதும் பெரும்பாலும் அவர்களுக்கே.

இச்சத்தியை அளத்தற்குரிய அலகு உவாற்று-மணி. 100 உவாற்று வலு ஒரு மணி நேரம் செலவாயின் அது 100 உவாற்று-மணியாகும். இன்றைய வண்டிகளிற் பொருத்தப்படும் இலிதியம்-அயன் மின்கல அடுக்குகள் பெரும்பாலும் 400 முதல் 750 உவாற்று-மணி வரை கொள்வன. 500 கொள்ளும் அடுக்கொன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜேர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஒஸ்திரியாவின் வியன்னா வரை, தன்யூப் நதிக்கரையோடு 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பாதை துவிச்சக்கரவண்டிப் பயணிகளிடையே பெயர்பெற்றது. நதியின் போக்கிலேயே செல்வதால் அங்கு ஏற்றம் மிகக் குறைவு. எதிர்க்காற்று இல்லாத நாளில், மோட்டாரின் உதவியை அளவோடு பெறுபவருக்குக் கிலோமீற்றருக்கு 5 உவாற்று-மணி போதும். எனவே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லின்ஸ் நகரை இடையில் மின்னேற்றாமலே அடையலாம்.

அதே வண்டியை அதே மனிதர் இத்தாலியின் அல்ப்ஸ் மலைக்குக் கொண்டுசெல்வாராயின் கணக்கு முற்றிலும் மாறும். அங்குள்ள ஸ்டெல்வியோ கணவாயின் உயரம் 2,757 மீற்றர். பிராத்தோ என்னும் ஊரிலிருந்து 48 வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 24 கிலோமீற்றரில் 1,800 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். மனிதரும் வண்டியும் பொதியும் சேர்ந்து 110 கிலோகிராம் எனின், அந்நிறையை அவ்வுயரத்துக்கு உயர்த்தவே 540 உவாற்று-மணி வேண்டும். உராய்வுக்கு மேலும் 60 ஆகலாம். இரண்டரை மணி நேரம் 100 உவாற்று வலுவோடு மிதிப்பவர் அதில் 250-ஐத் தாமே தருவார். எஞ்சும் 350-ஐ மோட்டார் தரவேண்டும். மோட்டாரில் ஐந்திலொரு பங்கு வெப்பமாய் வீணாவதால் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 440 செலவாகும். நிறைந்த மின்கலமே மயிரிழையில் உச்சியை எட்டுகிறது! காலிற் சோம்பல் கொண்டவருக்கு அதுவும் இல்லை. இறக்கத்தில் இச்சத்தி மீளும் என நம்புதலும் வீண். மிதியச்சில் மோட்டார் பொருந்திய வண்டிகளில் அது பிறேக்குகளில் வெப்பமாய் ஒழியும்.

500 உவாற்று-மணி என்பது வீட்டு மின்மானியில் அரை அலகு மட்டுமே. விடுதிக்காரர் அதனைப் பெரிதாக எண்ணார். பயணிக்கு அரியது நேரம். 36 உவோற்று அடுக்கினுள் 4 அம்பியர் செலுத்தும் மின்னேற்றி மணிக்கு ஏறத்தாழ 140 உவாற்று-மணியையே தரும். ஆகவே ஒரு மணி நேர மதிய உணவு, நதிக்கரையிற் 25 கிலோமீற்றருக்கு மேலான வழியைத் தரும். மலையிலோ, மோட்டார் தனித்து உழைப்பின், 350 மீற்றர் உயர்வையே தரும். மேலும், மின்கலம் நிறையும் நிலையை நெருங்கும்போது, ஒவ்வொரு கலமும் 4.2 உவோற்றைக் கடவாதவாறு மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படும். இறுதி ஐந்திலொரு பங்கு மெல்லவே ஏறுவது இதனாலாகும். பகலில் ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தவுடன் புறப்படுதலே அறிவுடைமை. முழுதும் நிறைத்தல் மறுநாள் மலையேற்றம் உள்ள இரவுக்கு உரியது.

அவ்விரவிலும் கவனம் வேண்டும். ஏற்றத்திற் சூடேறிய மின்கலம் ஆறிய பின்னரே மின்னேற்றப்படல் வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்ததாயின், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்தல் வேண்டும். இன்றேல் இலிதியம் உலோகமாய் முனையிற் படிந்து மின்கலத்தைக் கெடுக்கும். நியூயோர்க் நகரில் 2023ஆம் ஆண்டில் இலிதியம்-அயன் மின்கலத் தீயால் 18 பேர் இறந்தனர். அறையின் வாயிலருகே மின்னேற்றலும், உறங்கும்போது மின்னேற்றலும் தவிர்க்கத்தக்கன. தீயெழுந்தால் வெளியேறும் வழியையே அது அடைக்கும்.

160 உவாற்று-மணிக்கு மேற்பட்ட மின்கலங்களைப் பயணிகள் விமானங்கள் ஏற்பதில்லை. ஆதலாற் கடல்கடந்து செல்வோர் அங்கேயே வண்டியை வாடகைக்குப் பெறுவர். அப்போது அவ்வண்டிக்குரிய மின்னேற்றியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் மின்னேற்றி வேறொன்றின் மின்கலத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது; பொருந்தினும் உவோற்றளவு வேறுபடின் தீங்கு விளையும்.