அரை அடி நிலத்துக்கு அரிவாளா? சர்வேயரைக் கூப்பிடுங்கள்!

சென்னை, புறநகர்ப் பகுதி:

காம்பவுண்டு சுவரை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டான் என்று ஆரம்பிக்கும். வாய்த் தகராறு கைகலப்பு ஆகும். கடைசியில் ஒருவர் ஆஸ்பத்திரியில், இன்னொருவர் லாக்கப்பில்!

தாம்பரம், ஆவடி, அம்பத்தூர், மாதவரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதை உண்டு. நேற்று வரை வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இடம் இன்று மனை. மனை விலை ஏற ஏற, எல்லைச் சண்டையும் ஏறுகிறது.

அந்த அரை அடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 40-க்கு 60 மனையில் 60 அடி நீளத்துக்கு அரை அடி போனால், போவது 30 சதுர அடி. அதாவது 80-ல் ஒரு பங்கு. சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் உயிரைக் கொடுக்கிற விஷயமும் இல்லை!

போலீசார் ஏன் அளப்பதில்லை?

சண்டை வந்ததும் ஜனங்கள் ஓடுவது போலீஸ் நிலையத்துக்கு. அங்கே மனு வாங்குவார்கள், ரசீது கொடுப்பார்கள். "இது சிவில் விவகாரம். அடிதடி வேணாம், போய் அளந்து பாருங்க" என்று அனுப்பி வைப்பார்கள். பலருக்கு இதில் கோபம். ஆனால் அவர்கள் சொல்வது சரி. கோடு எங்கே போகிறது என்று சொல்லும் வேலை போலீசாருடையது அல்ல. அது சர்வே துறையின் வேலை.

"பத்திரம் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "கிணற்றுக்குத் தெற்கு, புளியமரத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு" என்று இருக்கும். கிணற்றைத் தூர்த்தாகிவிட்டது. மரத்தை வெட்டியாகிவிட்டது. வண்டிப்பாதை தார் ரோடு ஆகிவிட்டது. இப்போது எதை வைத்து எல்லை சொல்வது?

கல்தான் சாட்சி

அதற்குத்தான் சர்வே கல். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் சர்க்கார் ஒரு புலப்படம் வைத்திருக்கிறது. எப்.எம்.பி. என்று ஆபீசில் சொல்வார்கள். எந்தக் கல்லில் இருந்து எந்தக் கல்லுக்கு எவ்வளவு தூரம் என்பது அதில் இருக்கும். சென்னை நகருக்குள் என்றால் பிளாக் எண், டி.எஸ். எண் போட்ட நகர அளவைப் பதிவேடு.

சர்வேயர் வந்ததும் முதலில் தேடுவது கல்லைத்தான். அங்கேதான் தகராறு மறுபடி கிளம்பும்.

"சார், என் சுவர்ல இருந்து பிடிங்க!"

"சுவரை நீங்க கட்டினது. நான் கல்லுல இருந்துதான் பிடிக்கணும்."

கல் கிடைக்காவிட்டால் பக்கத்து சர்வே எண்ணின் கல்லைத் தேடுவார். அதுவும் இல்லை என்றால் இன்னும் தள்ளிப் போவார். தெரு முனையில், கோவில் பக்கத்தில், கால்வாய் ஓரத்தில் பழைய கல் ஒன்று அகப்படும். அதில் இருந்து அளந்து வந்துதான் உங்கள் மூலையைக் கண்டுபிடிப்பார். "என் மனையை விட்டுட்டு எங்கேயோ போய் அளக்கிறாரே" என்று சந்தேகப்படக் கூடாது.

கல்லைப் பாதுகாப்பது பட்டாதாரரின் பொறுப்பு. சர்வே எல்லைச் சட்டம் 1923-லேயே இதைச் சொல்லிவிட்டது. இடைஞ்சலாக இருக்கிறது என்று சர்க்கார் நட்ட கல்லைப் பிடுங்கினால் ஓராண்டு வரை ஜெயில் தண்டனைக்கு இடம் உண்டு. உஷார்!

60 என்றால் 60 அடியா?

பழைய புலப்படத்தில் ஒரு பக்கத்தில் 60 என்று போட்டிருக்கும். உடனே "எனக்கு 60 அடி" என்று மல்லுக்கு நிற்பார்கள். அது அடி அல்ல, லிங்க்ஸ்! சங்கிலியில் ஒரு கண்ணி. 100 கண்ணி சேர்ந்தால் 66 அடி. ஆக 60 லிங்க்ஸ் என்பது 40 அடிக்கும் குறைவு. பின்னால் வந்த படங்களில் அளவு மீட்டரில் இருக்கும். படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது லிங்க்ஸா, மீட்டரா?"

1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில்தான் நிலப் பதிவேடுகள் பெரிய அளவில் திருத்தி எழுதப்பட்டன. அப்போது பெயரிலோ பரப்பிலோ விழுந்த பிழைகள் இன்றும் தாசில்தார் ஆபீஸ் படிகளை ஏற வைக்கின்றன. ஆகவே அளப்பதற்கு முன் பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது பாதி வேலை.

மனு கொடுப்பது எப்படி?

எல்லை அளக்கக் கோரும் மனுவை "எப்-லைன் மனு" என்பார்கள். முன்பு தாலுகா ஆபீசில்தான் கொடுக்க வேண்டும். 2023 நவம்பரில் இருந்து இணையதளம் வழியாகவும் மனு போட்டுப் பணம் கட்டலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். கட்டிய பணத்துக்கு ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத பணம் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

பக்கத்து மனைக்காரருக்கும் தகவல் போக வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அளப்பது புத்திசாலித்தனம் அல்ல. அது அடுத்த சண்டைக்கு விதை.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் ஒரு சிக்கல். அண்ணன், தம்பி, அக்கா எல்லார் பெயரும் ஒரே பட்டாவில் இருந்தால், "என் பாகத்தை மட்டும் அளந்து கொடுங்க" என்று கேட்க முடியாது. முதலில் பாகப்பிரிவினை. பிறகு உட்பிரிவு. அதற்கு அப்புறம்தான் கல்.

தனியார் சர்வேயரை வைத்து அளப்பதும் உண்டு. உங்கள் நிலவரம் தெரிந்து கொள்ள அது உதவும். ஆனால் எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சர்வேயரால் முடியாதது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சர்வேயர் கோட்டைக் காட்டுவார். நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆக்கிரமித்த சுவரை இடிக்கவும் மாட்டார். இரு தரப்பும் ஒப்புக் கொண்டால் கல் நட்டு, கையெழுத்து வாங்கி, அன்றோடு விவகாரம் முடிந்தது.

ஒப்புக் கொள்ளாவிட்டால் மேலதிகாரியிடம் மறு அளவைக்கு மனு கொடுக்கலாம். அதிலும் தீராவிட்டால் சிவில் கோர்ட்டு. அங்கேயும் நீதிபதி என்ன செய்கிறார்? வக்கீல் ஒருவரைக் கமிஷனராக நியமித்து, கூடவே சர்வேயரை அனுப்பி, மறுபடி அதே கல்லில் இருந்துதான் அளக்கச் சொல்கிறார்! பல வருஷம் அலைந்து, வக்கீல் பீஸ் கட்டி வந்து சேரும் இடம் அதுதான் என்றால், அதை முதல் நாளே செய்து விட்டால் என்ன?

12 வருஷம்: மறக்காதீர்கள்

"சொந்தக்காரன்தானே, பின்னால பேசிக்கலாம்" என்று விட்டு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் இடத்தை இன்னொருவர் தன்னுடையது என்று பகிரங்கமாக, இடைவிடாமல் 12 வருஷம் அனுபவித்து விட்டால், அது தனக்கே சொந்தம் என்று கோர்ட்டில் வாதாட 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது. அந்த வாதம் ஜெயிக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் வழக்கு உங்கள் தலையில் விழும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு இங்கே மனை வாங்கிப் போட்டவர்களுக்கு இது முக்கியம்.

சங்கிலி பிறந்த ஊர்

நில அளவைக்குப் பேர் போன ஊர் சென்னை. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்ததுதான். 1802 ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலை பக்கத்தில் 100 அடி இரும்புச் சங்கிலியை விரித்து, சுமார் ஏழரை மைல் தூரத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார் வில்லியம் லாம்டன். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய சர்வேக்கு அந்தக் கோடுதான் அஸ்திவாரம். இன்று சங்கிலி போய் மெஷின் வந்துவிட்டது.

ஆகவே வீடு கட்டப் போகிறவர்கள், அஸ்திவாரம் தோண்டும் முன் மனையை அளந்து விடுங்கள். அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள். நட்ட கல்லைப் போட்டோ எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். சிமெண்டு பூசி அதை மூடாதீர்கள். மேஸ்திரிக்கும் அந்தக் கல்லைக் காட்டி வையுங்கள். பல வீடுகளில் கல் காணாமல் போவது கடைக்கால் தோண்டும் நாளில்தான்.