ஆர்பர்: புல்லில் பிறந்த பந்தலும் மரத்தில் பிறந்த தண்டும்

ஆங்கிலத்தில் ‘ஆர்பர்’ என ஒலிக்கும் சொல், தோட்டத்தில் கொடிகள் படர்ந்து நிழல் தரும் சிறு பந்தலையும், பட்டறையில் வெட்டுச்சக்கரத்தையோ பல்சக்கரத்தையோ தாங்கிச் சுழலும் உலோகத் தண்டையும் குறிக்கிறது. மரத்திற்கு இலத்தீன் மொழியில் ‘ஆர்போர்’ என்று பெயர் இருப்பதால், இரண்டு பொருள்களும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றும், அவற்றுள் மரத்தோடு நெருங்கிய உறவுடையது பந்தலே என்றும் எண்ணத் தோன்றும். சொல்லின் வரலாறோ இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது.

பந்தலைக் குறிக்கும் சொல்லின் வேர், புல்லையும் பூண்டையும் குறித்த ‘ஹெர்பா’ என்னும் இலத்தீன் சொல்லாகும். அதிலிருந்து தோன்றிய ‘ஹெர்பாரியம்’ பழைய பிரெஞ்சு மொழியில் திரிந்து புல்தரைக்கும் மூலிகைத் தோட்டத்திற்கும் பெயராயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அங்கே அரசவையிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பிரெஞ்சு வேரூன்றியதன் விளைவாக, 1300ஆம் ஆண்டை ஒட்டி அது ‘எர்பர்’ என்ற வடிவில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அன்றைய எர்பருக்குக் கூரை இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நடுவில் சீரான புல்தரை, ஓரங்களில் நறுமணப் பூண்டுகள், அமர்வதற்குப் புல் பதித்த மண்திண்ணை ஆகியவற்றைக் கொண்ட இன்பத் தோட்டத்தை 13ஆம் நூற்றாண்டு அறிஞர் ஆல்பெர்ட்டஸ் மேக்னஸ் விவரித்துள்ளார். எர்பர் என்று அழைக்கப்பட்டதும் இத்தகைய இடமே.

அத்தோட்டங்களில் பழமரங்களும் திராட்சைக் கொடிகளும் இடம்பெற்று, அவற்றைப் படரவிட மரச்சட்டங்கள் அமைக்கப்பட்டு, சட்டங்களின் கீழ் இருக்கைகள் வந்தபோது, தோட்டம் முழுவதற்கும் உரிய பெயர் படிப்படியாக நிழல் மூடிய அந்த இருக்கையிடத்திற்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. 1577இல் வெளிவந்த தாமஸ் ஹில்லின் தோட்டக்கலை நூலில், கழிகளை வளைத்துக் கட்டிக் கொடியேற்றிய இத்தகைய பந்தல்கள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. இதற்கிடையே, இடைக்கால ஆங்கிலத்தின் இறுதிக் கட்டத்தில் பல சொற்களில் ‘எர்’ என்னும் ஒலி ‘ஆர்’ ஆக மாறியது. டெர்பி என்று எழுதப்படும் ஊர்ப்பெயரை ஆங்கிலேயர் இன்றும் டார்பி என உச்சரிப்பது அந்த மாற்றத்தின் எச்சமாகும். அவ்வாறே எர்பர் ஆர்பராகியது. மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் நினைவு, புதிய எழுத்து வடிவம் நிலைபெறத் துணைசெய்தது. மூலச் சொல்லான ஹெர்பாரியமோ, உலர்த்திய தாவர மாதிரிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் தொகுப்புக்குப் பெயராகி, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின்கீழ் இயங்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் வரை வந்து சேர்ந்துள்ளது.

தண்டைக் குறிக்கும் ஆர்பரே உண்மையில் மரத்தின் வழிவந்தது. இலத்தீனில் ‘ஆர்போர்’ நிற்கும் மரத்தை மட்டுமன்றி, கப்பலின் பாய்மரத்தையும் குறித்தது. பாய்மரம், ஏற்றமரம் என்று வழங்கும் தமிழருக்கு இந்தப் பொருள்நீட்சி புதிதன்று. காற்றாலைகளிலும் நீராலைகளிலும் சுழன்ற முதன்மை அச்சு பருத்த மரத்தால் செய்யப்பட்ட காலத்தில், பிரெஞ்சு மொழியில் மரத்தைக் குறிக்கும் ‘ஆர்ப்ர’ என்ற சொல்லே சுழலும் அச்சையும் குறித்தது. அச்சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்து, பின்னர் இலத்தீன் வடிவத்தை ஒட்டித் திருத்தி எழுதப்பட்டது. இத்தாலிய மொழியில் ‘ஆல்பெரோ’ என்னும் ஒரே சொல் இன்றும் மரம், பாய்மரம், இயந்திரத் தண்டு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக உள்ளது. செடியின் தண்டும் இயந்திரத்தின் அச்சுத்தண்டும் தமிழில் ஒரே சொல்லைப் பகிர்வதும் இதை ஒத்ததே.

இயந்திரவியலில் ஆர்பர் என்பது, ஆற்றலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்தும் பொதுவான ஷாஃப்டிலிருந்து வேறுபட்டு, பெரும்பாலும் வெட்டுக்கருவியையோ சக்கரத்தையோ பற்றிக்கொள்ளும் தண்டையே சுட்டுகிறது. கிடைநிலை மில்லிங் இயந்திரத்தில் அதன் கூம்பிய முனை சுழலும் ஸ்பிண்டிலில் பொருந்த, நடுவில் துளையுள்ள வெட்டுச்சக்கரம் அதன்மீது கோக்கப்பட்டு, இருபுறமும் இடைவளையங்களால் நிலைநிறுத்தப்படுகிறது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் முதன்மைச் சுருள்வில்லின் உள்முனை ஓர் ஆர்பரில் மாட்டப்பட்டிருப்பதால், அதைத் திருக வில் இறுகிச் சுற்றிக்கொள்கிறது. வட்ட ரம்பத் தகட்டை வாங்குபவர், அதன் நடுத்துளையின் அளவு தம் இயந்திரத்தின் ஆர்பருக்குப் பொருந்துமா என்று பார்ப்பதும் இதனால்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1872 ஏப்ரல் 10 அன்று ஜே. ஸ்டெர்லிங் மார்ட்டன் முன்முயற்சியில் தொடங்கிய மரநடுகை நாளான ‘ஆர்பர் டே’, நேரடியாக மரத்தின் இலத்தீன் பெயரைத் தாங்கியது. பிரிட்டனில் பந்தலுக்கு ‘யு’ என்னும் எழுத்தைச் சேர்த்தும் தண்டுக்கு அதை நீக்கியும் எழுதுவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்க எழுத்துமுறையில் அதுவும் மறைந்துவிடுகிறது. ஆகவே இவ்விரண்டையும் ஒரு சொல்லின் இரு பொருள்களாகக் கொள்ளாமல், ஓசையாலும் எழுத்தாலும் ஒன்றுபோல் ஆகிவிட்ட இரு வேறு சொற்களாகக் கொள்வதே பொருத்தமாகும்.