உதிர்ந்த பேரிக்காயில் சூடான மசாலா பானம்: மலைத் தோட்டத்துக்கு ஒரு கூடுதல் வருமானம்

கொடைக்கானல் மலையில் ஆடியில் தொடங்கும் பேரிக்காய் அறுவடை புரட்டாசி வரை நீளும். பெரிய, திடமான காய்கள் மண்டிக்கு இறங்கிவிடும். சிறுத்தவை, தோலில் சொறி விழுந்தவை, காற்றுக்கும் மழைக்கும் உதிர்ந்தவை தோட்டத்திலேயே தங்கிவிடும். அவற்றைப் பொறுக்கிக் கீழே அனுப்பினால், ஆள் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே விலை கட்டாது. அப்படியே விட்டாலோ அழுகி, பழ ஈ பெருகும் இடமாகிவிடும்.

அடுத்து வருவது ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர் காலம். மழையும் குளிரும் சேரும்போது மலைக்கு வருகிறவர்கள் சூடாக ஏதாவது குடிக்கத் தேடுவார்கள். தேநீரும் சுக்கு காபியும் கிடைக்கும் அந்த இடத்தில், மலையில் விளைந்த பழத்தாலேயே ஒரு பானம் கொடுக்க முடியும். பேரிக்காயுடன் பட்டை, கிராம்பு, மிளகு, இஞ்சி சேர்த்துக் காய்ச்சும் பானம் அது.

குளிர் நாடுகளில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால், ஆப்பிளைப் பிழிந்து பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்கள். பழனி மலைத்தொடரில் இதற்கு வேண்டியவை பெரும்பாலும் அருகிலேயே இருக்கின்றன. மேல்மலையில் பேரி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களில் மிளகும் ஏலமும், அடிவாரத்தில் எலுமிச்சை. ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று காய் பொறுக்குவது, மற்றொன்று புளிப்பு. இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் பானம் வருமானம் தராது; வம்பைத்தான் தரும்.

எந்தக் காயை எடுக்கலாம்?

சிறிய காய், கோணல் காய், தோலில் மட்டும் தழும்புள்ள காய் ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்க வேண்டும். மாடு, ஆடு மேயும் தோட்டத்தில் தரையில் கிடந்த காயில் சாணத்தின் கிருமி ஒட்டியிருக்கும். 1996-ல் அமெரிக்காவில், சூடுபடுத்திக் கிருமி நீக்காத ஆப்பிள் சாற்றைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. அதற்குக் காரணம் ஈ.கோலை வகைக் கிருமி. இந்தக் கிருமி கொதிக்க வைத்தால் அழிந்துவிடும். அதனால் உதிர்ந்த காயின் சாற்றைப் பச்சையாக யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அழுகல் விஷயம் வேறு. ஆப்பிளிலும் பேரியிலும் நீலப் பூஞ்சணம் பிடித்து அழுகும்போது 'பாட்டுலின்' என்ற நச்சு உண்டாகும். காய்ச்சினாலும் அது முழுவதும் அழிவதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றியுள்ள நல்ல சதைக்கும் பரவும். ஆப்பிள் சாற்றில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சேர்ப்பது தவறு. பூஞ்சணம் பிடித்த காயை முழுவதுமாக ஒதுக்க வேண்டும்.

பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம். மேலே நன்றாகத் தெரியும் காய்கூட நடுவில் பழுப்பேறி இருக்கலாம். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பார்த்த பிறகே பாத்திரத்தில் போட வேண்டும். பழ ஈ புழு இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். ஒதுக்கிய காய்களை 2 அடி ஆழக் குழியில் போட்டு மண் மூடினால் அடுத்த தலைமுறை ஈ குறையும். மருந்து தெளித்த தோட்டமானால், அந்த மருந்துக்குரிய காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே காய் எடுக்க வேண்டும்.

ஏன் புளிப்பு சேர்க்க வேண்டும்?

எலுமிச்சை, நெல்லி போல பேரி புளிப்பான பழம் அல்ல. புளிப்பு குறைந்த சாறு சீக்கிரம் கெடும். புட்டியில் அடைத்தால் ஆபத்தான கிருமிகள் வளரவும் இடம் கொடுக்கும். அதனால் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்ப்பதைச் சுவைக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அது பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். வெட்டிய துண்டுகள் கறுக்காமல் இருக்கவும் அது உதவும்.

வீட்டுக்கும் கடைக்கும்: உடனே குடிக்கும் பானம்

தேவையானவை: சுத்தம் செய்த பேரித் துண்டுகள் 1 கிலோ, தண்ணீர் 1 லிட்டர், நாட்டுச் சர்க்கரை 75 முதல் 100 கிராம், எலுமிச்சம்பழம் 2, பட்டை விரல் நீளத்தில் ஒரு துண்டு, கிராம்பு 4, மிளகு 10, தட்டிய இஞ்சி 10 கிராம், ஏலக்காய் 3.

காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, விதைப்பகுதியை நீக்கி, தோலுடன் நறுக்கவும். ஒரு பழத்தின் எலுமிச்சைச் சாற்றில் துண்டுகளைப் புரட்டிவிடவும். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீருடன் சேர்த்து, சிறு தீயில் 25 நிமிடம் வேகவிடவும். புளிப்புச் சாறு என்பதால் அலுமினியம், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். வெந்ததும் மசித்து, துணியில் வடிகட்டவும். பேரியில் நறநறவென்று மணல் போன்ற பகுதி உண்டு. வடிகட்டினால்தான் பானம் மழமழப்பாக இருக்கும்.

பட்டை, கிராம்பு, மிளகு, இஞ்சியைத் துணியில் முடிச்சாகக் கட்டி, வடித்த சாற்றில் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடவும். பொடியாகப் போட்டால் சாறு கலங்கும், அடியில் கசடு தங்கும். கிராம்பு அளவு கூடினால் நாக்கு மரத்துப்போகும். நாட்டுச் சர்க்கரையைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேர்க்கவும். இறக்கும் நேரத்தில் தட்டிய ஏலக்காயும் மீதி எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் மணம் நிற்கும்.

கடையில் விற்பவர்கள் இதை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட வைக்கக் கூடாது. மூடியுள்ள பாத்திரத்தில் கை பொறுக்காத சூட்டிலேயே வைத்திருந்து, அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

காய் முடிந்த பிறகும் விற்க: ஸ்குவாஷ்

பேரி புரட்டாசியோடு குறைந்துவிடும். சூடான பானத்துக்குத் தேவை வருவதோ அதற்குப் பிறகு. இந்த இடைவெளிக்கு ஸ்குவாஷ்தான் வழி.

இதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். 1 கிலோ துண்டுக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டு வேகவைத்து மசித்து வடித்தால் சுமார் 1 லிட்டர் சாறு கிடைக்கும். குறைந்தால் சிறிது வெந்நீர் ஊற்றிப் பிழிந்து 1 லிட்டராக்கலாம். மசாலா முடிச்சைப் போட்டு, மூடி வைத்து 10 நிமிடம் கொதிக்க வைத்து எடுத்துவிடவும். 850 கிராம் சர்க்கரையும் 20 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கரையும் வரை சூடாக்கி வடிகட்டவும். சுமார் ஒன்றரை லிட்டர் ஸ்குவாஷ் வரும். ஸ்குவாஷில் குறைந்தது 25 சதவீதம் பழச்சாறு இருக்க வேண்டும் என்பது விதி. இந்த முறையில் அதைவிடக் கூடுதலாகச் சாறு இருப்பதால் பழத்தின் சுவை தெளிவாகத் தெரியும்.

விற்பனைக்கென்றால், ஆறிய பிறகு ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.5 கிராம் வீதம் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட்டைச் சிறிது நீரில் கரைத்துக் கலக்க வேண்டும். கண்ணளவில் போடக் கூடாது. மில்லிகிராம் காட்டும் சிறு தராசு அவசியம். இந்தப் பொருள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒவ்வாது. அதனால் லேபிளில் குறிப்பிடுவதை விட்டுவிடக் கூடாது. இது சேர்க்காமல் வீட்டுக்குச் செய்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கண்ணாடிப் புட்டிகளைக் கழுவி நீரில் கொதிக்க வைக்கும்போது மலைவாசிகள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். சமவெளியில் 10 நிமிடம் என்றால் இங்கே 20 நிமிடம் வைப்பது நல்லது.

கணக்கு எப்படிப் போடுவது?

ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு மூன்று பங்கு வெந்நீர் என்றால், ஒன்றரை லிட்டரில் 6 லிட்டர் பானம் வரும். 150 மில்லி டம்ளரில் 40 பேருக்குக் கொடுக்கலாம். சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் அதற்கான செலவு 38 ரூபாய். இதோடு காய் பொறுக்கும் கூலி, நறுக்கும் ஆள், விறகு அல்லது காஸ், மசாலா, புட்டி ஆகியவற்றின் செலவைத் தங்கள் ஊர் விலையில் சேர்த்து 40-ஆல் வகுத்தால் ஒரு டம்ளரின் அடக்க விலை தெரியும். சொந்த வீட்டாரின் உழைப்புக்கும் கூலி போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் ஆண்டு 10 கிலோ காயில் செய்து, உள்ளூரில் விற்றுப் பார்த்த பிறகு அளவைக் கூட்டலாம். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனியாகச் செய்வதைவிட, நாலைந்து தோட்டக்காரர்களோ மகளிர் சுய உதவிக் குழுவோ சேர்ந்து செய்தால் தராசு, பாத்திரச் செலவு பகிரப்படும்.

கேட்கப்படும் சந்தேகங்கள்

*பால் சேர்க்கலாமா?* கூடாது. புளிப்பால் திரிந்துவிடும்.

*கருப்பட்டி போடலாமா?* உடனே குடிக்கும் பானத்தில் போடலாம், நிறம் கருக்கும். ஸ்குவாஷுக்கு வெள்ளைச் சர்க்கரையே அளவு தவறாமல் வரும்.

*குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?* மிளகைக் குறைத்து, சிறு டம்ளரில் கொடுக்கலாம். பேரியில் 'சார்பிட்டால்' என்ற இனிப்பு இயற்கையாகவே உண்டு. அதிகம் குடித்தால் வயிறு இளகும்.

*சர்க்கரை நோயாளிகள்?* சர்க்கரை சேர்க்காவிட்டாலும் பழத்தின் இனிப்பு இருக்கிறது. மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

*கொய்யா, ஆப்பிளிலும் செய்யலாமா?* ஆப்பிளுக்கு இதே முறைதான். கொய்யாவுக்குத் தண்ணீரைச் சற்றுக் கூட்ட வேண்டும். காய் பொறுக்கும் விதியும் புளிப்பு சேர்க்கும் விதியும் எந்தப் பழத்துக்கும் மாறாது.