பழுப்பு வயரும் பதினாறு முனையும்

பழைய அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது காலியிடம்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில் முழங்கைவரை கை நுழையும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடரலாம். ஆரம்பகால வண்டிகளில் ஃபியூஸ் இரண்டே இரண்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த கார் என்பதால் வயர்களின் நிறமும் இங்கிலாந்தின் லூகாஸ் முறைப்படி இருந்தது. பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவி திருப்பிய பின் உயிர்பெறுவது வெள்ளை, ஃபியூஸைத் தாண்டி வைப்பருக்கும் பிரேக் விளக்குக்கும் போவது பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு. இந்த ஐந்தும் தெரிந்தவன் பாதி எலெக்ட்ரீஷியன்.

மீதிப் பாதி டெஸ்ட் லேம்ப்பில் இருந்தது. ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், ஒன்றின் முனையில் கிளிப், மற்றதில் ஊசி. கிளிப்பை பாடியில் மாட்டிவிட்டு ஊசியால் வயரைக் குத்திக்கொண்டே போவார்கள். கடைசியாக எரிந்த இடத்துக்கும் முதலில் எரியாத இடத்துக்கும் நடுவே பழுது. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், அந்த இடத்தில் பல்பையே இணைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த லைனில் ஷார்ட். வண்டிக்காரர் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. ஹார்னை அழுத்தவும் பிரேக்கை மிதிக்கவும் அவர்தான் ஆள்.

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதற்கு ஓராண்டு முன்பு, 2013 ஏப்ரலில், வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து பதிவுசெய்யும் ஓ.பி.டி. முறையின் இரண்டாம் கட்டம் இந்தியக் கார்களுக்குக் கட்டாயமாகியிருந்தது. அந்த ஆண்டு வாங்கிய கார்தான் இன்று இரண்டு மூன்று கை மாறிப் பழைய காராகப் பட்டறைக்கு வருகிறது. ஃபியூஸ்கள் முப்பதுக்கும் மேல். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட். அதில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு நிமிடத்தில் கோளாறின் எண் வந்துவிடும்.

லாபம் பெரிது. ஓடும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு அன்று எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்ற வேண்டும். இன்று அந்தக் கணத்தின் வேகத்தையும் எஞ்சின் சூட்டையும் வண்டியே குறித்துவைக்கிறது. இரவில் பேட்டரி இறங்கினால் அன்று டெர்மினலைத் தட்டிப் பொறி வருகிறதா என்று பார்த்தார்கள். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் பழுதே இல்லாவிட்டாலும் பொறி வரும். ஆகவே வண்டியைப் பூட்டி, அதன் கம்ப்யூட்டர்கள் உறங்கும்வரை காத்திருந்து மீட்டரில் அளக்கிறார்கள். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் ஒழுகினால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் காலி.

டெஸ்ட் லேம்ப் இன்று பல லைன்களில் விலக்கப்பட்ட பொருள். 5 வாட் பல்பு 400 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். சில மில்லியாம்பியரே ஓடும் சென்சார் லைனில் அதை வைத்தால் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. ஊசி குத்திய துளை வழியே ஈரம் இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு பூப்பதும் உண்டு. பழுது பார்த்த கையே அடுத்த பழுதை விதைத்த கதை அது.

ஆனால் எண்ணைப் பெற்றவர்கள் வயரைத் தொடரும் பொறுமையை இழந்தார்கள். பி0340 என்று திரையில் வந்தால் கேம்ஷாஃப்ட் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்த எண் சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. அதன் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. எலி கடித்த வயரும், முந்தைய சொந்தக்காரர் கைக்குக் கிடைத்த நிறத்தில் போட்ட ஒட்டும், பாடியில் துருவேறிய எர்த்தும் அதே எண்ணைத் தரலாம். புது சென்சார் போட்ட பிறகும் எச்சரிக்கை விளக்கு எரியும்.

அப்போது ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் குனிகிறார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை எஞ்சின் மேலும் வைக்கிறார். ஸ்டார்ட்டர் சுழலும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட வேண்டும். இரண்டு கையும் மீட்டரில் இருப்பதால் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் வண்டிக்காரரைக் கூப்பிடுகிறார்: "சார், கொஞ்சம் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புங்க."