எழுதப் படிக்கத் தெரியாத தலைவி... ஊருக்கே கணக்குச் சொன்ன களஞ்சியம்!

2001-ல் டெல்லி விருது மேடையில், அன்றைய பிரதமர் வாஜ்பாய் ஒரு கிராமத்துப் பெண்ணின் காலைத் தொட்டு வணங்கினார். அவர் மதுரை அழகர்கோவில் பகுதியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. விவசாயக் கூலி; எழுதப் படிக்கத் தெரியாது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். அவர் தலைவியாக வளர்ந்த இடம் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளையின் 'களஞ்சியம்' திட்டத்தில், ஊர்ப் பெண்கள் குழுவாகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். குழுக்கள் சேர்ந்து தொகுப்பு, தொகுப்புகள் சேர்ந்து வட்டாரக் கூட்டமைப்பு என மூன்று அடுக்கு.

படிக்காதவர்கள் இருக்கும் குழுவுக்குச் சுற்றறிக்கை அனுப்பி என்ன பயன்? (இன்றைய வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதே கேள்விதான்!) பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணி, யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை கணக்கு மறைந்தால், பத்து, இருபது என்று சிறுகச் சேர்த்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

கூட்டமைப்பில் முடிவானதை ஊருக்கு வந்து சொல்வதும், ஊரின் குறையை அங்கே கொண்டுபோவதும் தலைவியின் வேலை. வங்கி மேனேஜரிடம் பேசப் போவதும் அவர்களேதான்.