வழுவழுப்புக்குள் நுழையும் வேட்டைக்காரன்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு சிரங்கை நீரை அள்ளுங்கள். கடலின் மேற்பரப்பு நீரில் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும். பயம் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மனிதரைத் திரும்பியும் பார்க்காது, பக்டீரியாவைத்தான் பிடிக்கும். அவற்றுக்கு ஃபேஜ் என்று பெயர்.

ஃபேஜின் வேலை முறை கொடூரமானது. தனக்குரிய பக்டீரியாவின் தோலில் வாலால் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப்பொருளை மட்டும் உள்ளே செலுத்துகிறது. அதன் பிறகு அந்த பக்டீரியா தனக்காக உழைப்பதில்லை. நன்கு ஆராயப்பட்ட டி4 என்ற ஃபேஜுக்கு அரை மணித்தியாலம் போதும். பக்டீரியா வெடித்து நூறு அளவில் புதிய ஃபேஜ்கள் வெளியேறும்.

ஆனால் பக்டீரியா எப்போதும் தனியே இருப்பதில்லை. சில நாள் கடலில் கிடந்த வள்ளத்தின் அடியைத் தடவினால் கை வழுக்கும். அது பக்டீரியாக்கள் சர்க்கரைப் பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறிய உயிர்ப்படலம். தனியே நீந்தும்போது மருந்துக்குச் சாகிற பக்டீரியா, படலத்துக்குள் புகுந்துவிட்டால் ஆயிரம் மடங்கு மருந்தைக்கூடத் தாங்கக்கூடும்.

இது இறால் வளர்ப்போரின் தலைவலி. விப்ரியோ ஹார்வேயி என்ற கடல் பக்டீரியா பெருகினால், விளக்கை அணைத்ததும் குஞ்சு பொரிப்பகத்துத் தொட்டியே ஒளிரும். பார்க்க அழகுதான், தொட்டிக்காரருக்கு வயிற்றில் புளி கரையும். மங்களூர் மீன்வளக் கல்லூரியின் இந்திராணி கருணாசாகர், இட்யா கருணாசாகர் ஆகியோரின் குழு, மருந்துக்கு அடங்காத ஹார்வேயியால் கறுப்பு வரி இறால் குஞ்சுகள் கூட்டமாக மடிந்ததை 1994இல் பதிவு செய்தது. சீமெந்து, பிளாஸ்டிக், உருக்குப் பரப்புகளில் அது படலமாகப் படிந்து குளோரினையும் தாங்குவதை 1996இல் காட்டியது. தொட்டியைக் கழுவிவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு நோய் ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பது அப்போது விளங்கியது.

அடுத்துக் குழு ஃபேஜைத் தேடியது. பண்ணை நீரிலிருந்து பிரித்தெடுத்த ஹார்வேயி ஃபேஜை விட்ட தொட்டிகளில், மருந்திட்டவற்றைவிட அதிகக் குஞ்சுகள் பிழைத்தன. 2006, 2007இல் முடிவுகள் வெளிவந்தன. படலத்திலிருந்த பக்டீரியாவும் குறைந்திருந்தது. மருந்து உள்ளே போகப் போக நீர்த்துப்போகும். ஃபேஜோ போகும் வழியிலேயே பெருகும். சில ஃபேஜ்களின் வாலில் பசையைக் கரைக்கும் நொதியும் உண்டு. ஆழத்தில் உறங்கும் பக்டீரியாக்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும்.

மனிதரிலும் ஃபேஜ் சிகிச்சை நடந்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் டொம் பற்றர்சன் என்ற பேராசிரியர், எந்த மருந்துக்கும் மசியாத அசினெற்றோபக்ரர் என்ற பக்டீரியாவின் தொற்றிலிருந்து ஃபேஜ் கலவைகளால் பிழைத்தார். அக்கலவைகளில் ஒன்று அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்திலிருந்து வந்தது.

ஆனால் எல்லா ஃபேஜும் நல்லவை அல்ல. ஹார்வேயிக்குள் கொல்லாமல் தங்கி, அதை இன்னும் கொடியதாக்கும் ஃபேஜ் ஒன்று அவுஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. கொன்றே தீரும் வகையைப் பார்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டும். பக்டீரியா ஒரு ஃபேஜுக்குப் பழகிக்கொள்ளும் என்பதால் பலவற்றைக் கலக்கவும் வேண்டும். மங்களூர் ஃபேஜ் திருகோணமலைக் கரையின் ஹார்வேயியைத் தொடாமலே போகலாம், அவ்வளவு தேர்ந்த நாக்கு அதற்கு. ஆகவே தேடலை, நோய் கண்ட தொட்டியின் வடிகாலிலும் அதற்கு நீர் எடுத்த கடலிலும் தொடங்குவதே என் கணக்கில் சரி.